சொம்பு, டார்ச், சாவிக்காரர்: ஒரு வரலாற்று நடையின் திரைமறைவு ரகளை

வரலாற்று நடைக்கான போஸ்டரை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி, தொப்பி, தண்ணீர் பாட்டில், தேயாத செருப்பு. முன்னால் ஒருவர் கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டு போவார். பின்னால் ஒரு கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு போகும். கதை அவர் வாயில் தானாக ஊறி வருகிற மாதிரி இருக்கும். நம்பாதீர்கள்! அந்த ஒரு காலைக்கு முன்னால் நடக்கும் கூத்து இருக்கிறதே, டிக்கெட் போடுவதென்றால் அதற்குத்தான் போட வேண்டும். எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு வெயில் விழும், கோயில் சாவி யார் இடுப்பில் இருக்கிறது, பெண்களுக்குக் கழிப்பறை எங்கே, சங்கப் புலவர் கபிலர் எப்படி இறந்தார்... ஆமாம், அந்தக் கடைசிக் கேள்விக்காக இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கோயில் பிரகாரத்தில் கிட்டத்தட்ட சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இடம் திருக்கோவிலூர். கள்ளக்குறிச்சி மாவட்டம். விழுப்புரத்திலிருந்து பிரிந்து, 2019 நவம்பரில் பிறந்த மாவட்டம் இது. வயதில் குழந்தை. மடியில் வைத்திருக்கும் சரக்கோ ஈராயிரம் வருஷத்துக்கு. வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்ததெல்லாம் செய்தியில் வந்த துக்கங்களால்தான். உள்ளூர்க்காரர்களுக்கு அதில் கொஞ்சம் ரோஷம் உண்டு. "நம்ம ஊர்ல பார்க்கறதுக்கு என்ன இருக்குன்னு கேக்குறானுங்க சார்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து பேர் சேர்ந்தார்கள். சேர்ந்த இடம் ஒரு டீக்கடை பெஞ்சு. சங்கம் கிடையாது, பெயர்ப் பலகை கிடையாது, பதிவு எண் கிடையாது. ஒத்திகைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பெயரைப் போடக் கூடாது என்பது நிபந்தனை. "முதல்ல நடந்து முடிக்கிறோம், அப்புறம் பேர் போடுங்க."

ஆகவே பட்டப்பெயர்கள்தான். தமிழய்யா, சரித்திர சார்: ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே ஸ்டாஃப் ரூமில் காலமெல்லாம் சண்டை போட்டு ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுக்குப் பிறகும் சண்டையை விடாதவர்கள். மரவேலை அண்ணன்: சின்னசேலம் பக்கம் சிற்பம் செதுக்குபவர். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை யாரைப் பார்த்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் சொல்லிவிடுவார். பாப்பா: எம்.ஏ. படிக்கும் பெண், கல்வெட்டு எழுத்துகளை செல்போன் வால்பேப்பராக வைத்திருக்கிற ரகம். கடைசியாக பேங்க் அக்கா. அவருக்கு வரலாற்றில் பெரிய ஆசை இல்லை என்று அவரே சொல்கிறார். ஆனால் அவர் இல்லாவிட்டால் இந்த நடை முதல் தெருமுனையைத் தாண்டாது.

முன்மாதிரி இல்லாமல் இல்லை. சென்னையில் 2004 முதல் ஆகஸ்ட் மாதத்தில் மெட்ராஸ் தினத்தை ஒட்டித் தெருத்தெருவாக நடக்கிறார்கள். அங்கே வி.ஸ்ரீராமின் நடைகளுக்கென்றே ரசிகர் கூட்டம் உண்டு. மதுரையில் யானைமலையைச் சிற்ப நகரமாக்கப் போகிறார்கள் என்று 2010-ல் எழுந்த எதிர்ப்பிலிருந்து பிறந்தது எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை. சமணர் குன்றுகளுக்கு மக்களைக் கூட்டிப்போய், சொ.சாந்தலிங்கம் போன்ற கல்வெட்டு அறிஞர்களை அந்தப் பாறை மேலேயே நிறுத்திப் பேச வைத்தார்கள். ஒரு மலையைக் காப்பாற்ற நடந்த கால்கள் பிறகு நிற்கவேயில்லை. நம் ஐந்து பேருக்கும் கனவு அதுதான். கையில் இருப்பது ஒரு டார்ச், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, பேங்க் அக்காவின் நோட்டு.

முதல் ரகளை தலைப்பு. "திருக்கோவிலூர் நடை" என்று பொதுவாகப் போட்டால் யாரும் வரமாட்டார்கள், ஒரு கதை வேண்டும் என்றாள் பாப்பா. சரி, எந்தக் கதை? இந்த ஊரின் தொல்லையே அதுதான், கதை அதிகம்!

மரவேலை அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை: உலகளந்த பெருமாள். 192 அடி ராஜகோபுரம். உள்ளே ஒரு காலைத் தூக்கி உலகை அளக்கும் திரிவிக்கிரமர், மரத் திருமேனி என்பது ஐதீகம். "எல்லா ஊர்லயும் வலது கையில சக்கரம், இடது கையில சங்கு. இங்க மாத்திப் பிடிச்சிருப்பார். செதுக்குறவன் கண்ணுக்குத்தான் அது மொதல்ல படும்" என்றார். கூடவே மழை இரவு. ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவுக்குச் சின்ன இடைகழியில் பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் நெருக்கியடித்து நிற்க, நாலாவதாக யாரோ புகுந்து நெருக்கினாராமே, அந்த இரவு. வைணவ இலக்கியத்தின் முதல் மூன்று அந்தாதிகளும் பிறந்தது இந்த நெரிசலில்தான் என்பது மரபு.

தமிழய்யாவுக்கு ஔவை வேண்டும். கீழையூர் வீரட்டேசுவரர் கோயிலில் இருக்கும் பெரிய பிள்ளையார், விநாயகர் அகவல் பாடிய ஔவையைத் தும்பிக்கையால் தூக்கிக் கயிலையில் விட்டாராம். சரித்திர சாருக்கு மலையமான் திருமுடிக்காரி வேண்டும். கடையெழு வள்ளல்களில் ஒருவர், கோவலூர் என்ற இதே ஊர்க்காரர். குதிரையின் பெயரும் காரி. "குதிரைக்கு முதலாளி பேரா, முதலாளிக்குக் குதிரை பேரா?" என்று பேங்க் அக்கா கேட்டதற்கு இன்றுவரை பதில் வரவில்லை. நடுவில் மெய்ப்பொருள் நாயனாரும் வந்து நின்றார்: சிவவேடத்தில் வந்து குத்தியவனையும் பத்திரமாக ஊர் எல்லை தாண்ட விடச் சொன்ன இந்த ஊர் அரசர்.

பாப்பா எல்லாரையும் கேட்டுவிட்டு ஒரு வரியில் முடித்தாள்: "எதிரியோட கையெழுத்து." என்ன எதிரி, என்ன கையெழுத்து என்று அப்போது சொல்லவில்லை. தலைப்பு மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஒத்திகை நாள் விடியற்காலை கீழையூர். இது அட்ட வீரட்டானங்களில் ஒன்று, அந்தகாசுரனைச் சிவன் அழித்த இடம் என்று தலபுராணம். பெண்ணையாறு பக்கத்திலேயே. கோயில் திறந்திருந்தது. நாங்கள் பார்க்க வேண்டிய ஒரு கதவு பூட்டியிருந்தது. சாவிக்காரர்! ஒவ்வொரு பழைய ஊரிலும் ஒரு சாவிக்காரர் இருக்கிறார். அவர் எப்போதும் இப்போதுதான் போனார். டீக்கடையில் கேட்டால் வீட்டில் இருப்பார் என்பார்கள், வீட்டில் கேட்டால் டீக்கடைக்குப் போனார் என்பார்கள். பேங்க் அக்கா நோட்டைப் பிரித்து எழுதிக்கொண்டார்: "சாவிக்காரர், முதல் நாள் ராத்திரி போன். காலையில் மறுபடி போன். காபி." அடிக்கோடு 'காபி'க்கு.

சாவி வரும்வரை வெளிச் சுவர். இங்கேதான் எனக்கே தலை சுற்றியது.

கல்வெட்டைப் படிக்கத் தெரியாதவர்கள் அதை நேராகப் பார்ப்பார்கள். தெரிந்தவர்கள் பக்கவாட்டில் வெளிச்சம் தேடுவார்கள். உச்சி வெயிலில் வெறும் சொரசொரப்பாக இருந்த சுவர், காலை வெயில் சாய்வாக வந்து விழுந்ததும் திடீரென்று பேச ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் நிரம்புகிறது. வெயில் எட்டாத மூலைக்கு பாப்பா கண்ணாடியைப் பிடித்தாள். அதன் வெளிச்சத்தைச் சரித்து சரித்து சுவரில் ஓட விட்டாள். அதுவும் எட்டாத இடத்துக்கு டார்ச், சுவரோடு ஒட்ட வைத்து. முன்பெல்லாம் சுண்ணாம்பையோ மாவையோ தேய்த்துப் படிப்பார்கள். கல்லுக்குக் கேடு என்பதால் அந்தப் பழக்கத்தைக் கண்டால் பாப்பாவுக்குக் கோபம் வரும்.

"முழுசாப் படிக்க வேணாம். ஒரே ஒரு வார்த்தையைக் கண்டுபிடிங்க" என்றாள் என்னிடம். சோழர் காலக் கல்வெட்டுகள் பெரும்பாலும் "ஸ்வஸ்திஸ்ரீ" என்று மங்கலமாகத் தொடங்கும், கிரந்த எழுத்தில். அந்த 'ஸ்ரீ' ஒரு சுருளும் வாலுமாகத் தனியாகத் தெரியும். தேடினேன். புள்ளி வைக்காத மெய்யெழுத்துகள், குறில் நெடில் வித்தியாசம் காட்டாத எகர ஒகரம், ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் வரிகள். பிறகு அந்தச் சுருள். "இதா? இதா? இதுதானே!" என்று நான் போட்ட கூச்சலில் கோபுரத்துப் புறாக்கள் கிளம்பிவிட்டன. பேங்க் அக்கா நேரம் குறித்துக்கொண்டார். இந்தக் கூச்சல் வரும் இடத்தில் கூட்டம் எப்படியும் பத்து நிமிஷம் நிற்குமாம். ஆகவே அங்கே நிழல் வேண்டும்.

இனி சண்டை.

இந்தக் கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாட்டாகவே வெட்டியது. ராஜராஜனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்துப் பெண், அதாவது இந்த ஊர் வீட்டுப் பெண். கணவர் சுந்தர சோழர் இறந்தபோது அவள் குழந்தையை விட்டுவிட்டு உடன்கட்டை ஏறியதை அது சொல்கிறது. அதே மூச்சில் கபிலரையும் இழுக்கிறது: நண்பன் பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுப் பெண்ணையாற்றில் ஒரு கல்லருகே தீயில் புகுந்தார் என்று. அந்தக் கல்லைத்தான் இப்போதும் ஆற்றுக்குள் கபிலர் குன்று என்று காட்டுகிறார்கள். ஒரு உருண்டைப் பாறை, மேலே குருவிக்கூடு அளவுக்கு ஒரு சின்னக் கட்டடம்.

"ஆகவே கபிலர் தீயில் புகுந்தார்" என்று சரித்திர சார் முடித்தார், ஒத்திகைக் குரலில், கையை உயர்த்தி.

"அவர் வடக்கிருந்தார்!" என்று பின்னாலிருந்து தமிழய்யா. புறநானூற்றுப் பாட்டின் அடியில் இருக்கும் குறிப்பு, கபிலர் பாரி மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்ததாகச் சொல்கிறது. பட்டினி கிடந்து உயிர் விடுவது. தீ எங்கே, பட்டினி எங்கே? மலையன் எங்கே, பார்ப்பார் எங்கே?

"கல்லுல வெட்டினது பொய்யாய்யா?"

"நீங்க சொல்ற கல்லு கபிலர் போயி எத்தனை நூறு வருஷம் கழிச்சு வெட்டினது? பக்கத்துல நின்னு பார்த்தவனா வெட்டினான்?"

"உங்க குறிப்பு மட்டும் கபிலர் கையால எழுதினதா? அதுவும் தொகுத்தவன் பின்னால சேர்த்ததுதான?"

பிரகாரத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டி நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார். இருவரும் பழைய ஸ்டாஃப் ரூம் கணக்கையெல்லாம் எடுத்தார்கள். ஒரு கட்டத்தில் 'அந்த வருஷம் நீங்க போட்ட டைம் டேபிள்' வரைக்கும் போனது. மரவேலை அண்ணன் நடுவில் புகுந்து விலக்கினார்.

பாப்பா சொன்னாள், "நிறுத்தாதீங்க. இதையே அன்னிக்கும் போடுங்க. அப்படியே!"

எனக்குத் தெரிந்து இந்த ஒத்திகையின் மிகச் சிறந்த முடிவு அதுதான். பொதுவாக வழிகாட்டிகள் இரண்டு கதைகள் மோதினால் அழகான ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை மூடிவிடுவார்கள். இவர்கள் மோதலையே நிகழ்ச்சியாக்கிவிட்டார்கள். சரித்திர சார் கல்வெட்டுப் பக்கம் நிற்பார், தமிழய்யா ஆற்றுப் பக்கம். கூட்டம் நடுவில். இருவரும் தங்கள் கட்சியைச் சொல்வார்கள், கூட்டம் யாரை நம்புகிறதோ அவர் பக்கம் நகர்ந்து நிற்க வேண்டும். பாட்டியிடம் சோதித்துப் பார்த்தோம். அவர் இருவர் பக்கமும் போகவில்லை. "யாரு வீட்டுப் புள்ளையோ, சோறு போடாம விட்டுட்டீங்களே" என்று கபிலருக்காக எங்களைத் திட்டிவிட்டுப் போனார்.

ஆற்றுக்கு இறங்கும் வழியை பேங்க் அக்காதான் முடிவு செய்தார். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை திறந்து பெண்ணை பொங்கி வந்ததை இந்தக் கரைக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆகவே தண்ணீர் இருந்தால் குன்றைக் கரையிலிருந்தே காட்டுவது, மணல் தெரிந்தால் மட்டும் இறங்குவது, குழந்தைகள் கை பிடித்து. "கபிலரைப் பார்க்கப் போய் கபிலர் மாதிரி ஆயிடக் கூடாது" என்றார். இந்த அக்காவுக்கு வரலாற்றில் ஆசை இல்லையாம்!

அதற்குப் பிறகு சொம்பு. இது பாப்பாவின் கண்டுபிடிப்பு, நான் சொக்கிப்போன இடம். கல்வெட்டு ஆய்வாளர்கள் மைப்படி எடுப்பார்கள். முதலில் கல்லைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் காகிதத்தை இறக்க வேண்டும். பிறகு மை தோய்த்த பொதியால் ஒற்ற வேண்டும். பள்ளத்தில் மை படாது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து எழும்பி வரும். 1886-ல் ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் சென்னை மாகாணக் கல்வெட்டு அதிகாரியாக நியமிக்கப்பட்ட காலம் தொட்டு இப்படி எடுத்த படிகள்தான் நம் சோழர் சரித்திரத்துக்கு அஸ்திவாரம். ஆனால் பாதுகாக்கப்பட்ட கல்லில் கண்டவர்கள் மை ஒற்ற முடியாது, கூடாது. கூட்டத்துக்கு இதை எப்படிக் காட்டுவது?

பாப்பா பையிலிருந்து அவள் பாட்டியின் எவர்சில்வர் சொம்பை எடுத்தாள். நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டுவோமே, அதே. கல்யாணச் சீர், தேதி, கொடுத்தவர் பெயர். மெல்லிய காகிதத்தை அந்தப் புள்ளிப்புள்ளி எழுத்தின் மேல் சுற்றி, பென்சிலைச் சாய்வாகப் பிடித்துத் தேய்த்தாள். கரிய கோடுகளுக்கு நடுவே ஒரு சித்தப்பாவின் இனிஷியல் எழும்பியது. அடுத்து ஒரு மாதம், ஒரு வருஷம். கொடை கொடுத்தவர், வாங்கியவர், காலம், பொருள்: சோழன் கல்வெட்டில் இருப்பதும் இதுதானே! மரவேலை அண்ணன் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பேர் வெட்டினவன் கை நடுங்கியிருக்கு. 'ழ'ல உளி வழுக்கிருக்கு பாருங்க" என்றார். வெட்டிய ஆளின் கையையே அவர் படித்துவிட்டார். அந்த நிமிஷத்தில் அவருக்கு நடையில் ஒரு வேலை கிடைத்தது. கோயில் சுவரிலும் எங்கெல்லாம் உளி வழுக்கியது, எங்கே வரி கோணியது, எங்கே இடம் பற்றாமல் எழுத்தை நெருக்கினான் என்று காட்டுவது இனி அவர் பொறுப்பு.

டீ, பன். ரமண மகரிஷி கதைக்கு டீ நேரத்தில்தான் இடம் கிடைத்தது, கொடுமை. 1896 ஆகஸ்ட் கடைசியில் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பிய பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன், கையில் காசு தீர்ந்து மாம்பழப்பட்டில் இறங்கி அறகண்டநல்லூருக்கு நடந்தான். அங்கே கோயிலில் உட்கார்ந்தவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இதே கீழையூர்க் கோயிலுக்கு வந்தான். பசியில் மயங்கி விழுந்தான். மறுநாள் கோகுலாஷ்டமி. ஒரு பாகவதர் வீட்டில் சாப்பாடு. காதுக் கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கினான், ரயில் ஏறினான். ரசீதைக் கிழித்துப் போட்டான். செப்டம்பர் 1 திருவண்ணாமலை. "இருபது ரூபா பொருளுக்கு நாலு ரூபாதான் கேட்டாரு. எங்க பேங்க்ல இப்படி ஒரு கஸ்டமர் வந்ததில்ல" என்றார் பேங்க் அக்கா, உண்மையான மரியாதையோடு. இதற்கே தனி நடை வேண்டும். போடுவார்கள்.

பிறகு வண்டி ஏறி ஜம்பை. இப்போதுதான் பாப்பா தலைப்பை அவிழ்த்தாள்.

அசோகர் தன் பாறைச் சாசனத்தில் தெற்கே இருக்கும் அரசுகளைச் சொல்கிறார்: சோழர், பாண்டியர், கேரளபுத்திரர், சதியபுத்திரர். முதல் மூன்றும் தெரியும். நாலாவது யார்? காஞ்சிபுரம் என்றார்கள், மகாராஷ்டிரம் என்றார்கள், துளு நாடு என்றார்கள். அதியமான்தான் என்று சொன்னவர்களும் உண்டு, ஆதாரம் இல்லை. பல வருஷம் அறிஞர்கள் முட்டிக்கொண்ட கதவு அது. 1981-ல் இந்த ஜம்பையில், ஊர்க்காரர்கள் தாசிமடம் என்று சொல்லும் குகையில், தமிழ் பிராமியில் ஒற்றை வரி கிடைத்தது. சதியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி என்று பொருள்படும் வரி. கிபி முதல் நூற்றாண்டு என்று ஐராவதம் மகாதேவன் கணித்தார். ஒற்றை வரியில் கதவு திறந்துவிட்டது! அசோகர் சொன்ன குலம், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த ஆள்.

"சரி, எதிரி?" என்றேன்.

"தகடூர்க்காரன் அஞ்சிக்கு இங்க என்ன வேலை? அவன்தான் கோவலூரை அடிச்சவன். காரியோட ஊர். காலையில நீங்க கத்தின ஊர்" என்றாள் பாப்பா. அந்த வெற்றியைப் பரணர் பாடியதை ஔவை சொல்லும் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. ஜெயித்த ஊருக்குக் கொஞ்ச தூரத்தில் துறவிகளுக்கு ஒரு குகையைத் தானம் செய்து பெயரை வெட்டிவிட்டுப் போயிருக்கிறான். சரித்திர சார் காரியின் ஆள் என்பதால் குகை வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சண்டையில ஜெயிச்சா என்ன, என் காரி குதிரையைக் கூடக் கொடுத்தவன்" என்று முணுமுணுத்தது கேட்டது. காலையில் காரியின் கட்சியாகப் பேசிக் கூட்டத்தை உசுப்பிவிட்டு, கடைசியில் எதிரியின் பெயருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது: திட்டம் அதுதான். இதைவிடக் குறும்பான நடைப்பாதையை நான் பார்த்ததில்லை.

ஜம்பையில் இன்னொன்றும் இருக்கிறது, அதை எங்கே சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஊர்ச் சிவன் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று. ஒரு அதிகாரி ஒரு பெண்ணிடம் வரி கேட்கிறான். நான் கொடுக்க வேண்டியதில்லை என்கிறாள். அவளைச் சோதனைக்கு உட்படுத்துகிறான். அவள் நஞ்சு குடித்து இறந்துவிடுகிறாள். பல நாட்டு மக்களும் கூடி, குற்றம் அதிகாரியுடையது என்று தீர்த்து, கோயிலில் விளக்கெரிக்கப் பணம் கட்ட வைக்கிறார்கள். பாப்பா இதைப் படித்துக் காட்டியபோது அந்தக் காலையில் முதல் முறையாக யாரும் கிண்டல் செய்யவில்லை. ஒரு உயிருக்கு ஒரு விளக்கா என்று பேங்க் அக்கா கேட்டார். தமிழய்யா சமாதானம் சொல்லத் தொடங்கி, நிறுத்திவிட்டார். நடையில் இது இருக்கும். விளக்கவுரை இருக்காது. கேட்டவர்கள் கேட்டபடி வண்டி ஏறட்டும் என்று விட்டுவிட்டார்கள். எனக்கும் அது சரி என்றே பட்டது.

தியாகதுர்கத்தை வண்டியிலிருந்தே காட்டினார்கள். சென்னை-சேலம் சாலையில் போகிறவர்கள் எல்லாரும் பார்த்து, யாரும் ஏறாத கோட்டை மலை. பிரெஞ்சுக்காரர்கள், ஐதர் அலி, ஆங்கிலேயர் எல்லார் கையிலும் மாறிய கோட்டை. 1790-ல் திப்புவின் படையை கேப்டன் ஃப்ளின்ட் இங்கிருந்து தடுத்து நிறுத்தினார். வெயில் ஏறிவிட்டதால் கோட்டை அடுத்த நடைக்கு. "தண்ணி இல்லாம அந்த மலையில யாரையும் ஏத்தமாட்டேன்" என்று ஃப்ளின்டைவிடக் கண்டிப்பாக நின்றார் அக்கா.

கடைசியாகக் கல்வராயன் மலை. மேலே ஒரு நடை போட்டால் என்ன என்று கேட்கப் போன பயணம். கச்சிராயபாளையம் தாண்டினதும் கோமுகி அணை. வளைவுகளில் ஏற ஏறக் காது அடைக்கிறது, காற்று மாறுகிறது. தாலுகா தலைமையிடம் வெள்ளிமலை. இங்கே மறைந்திருக்கும் வரலாறு கல்லில் இல்லை, ஆட்கள் வாயில் இருக்கிறது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்தார்கள் ஆண்ட மலை. கிருஷ்ணதேவராயர் கொடுத்த ஜாகிர் என்பது அவர்கள் சொன்ன பரம்பரைக் கதை. கீழே நாடு சுதந்திரம் அடைந்து 29 வருஷம் கழித்து, 1976-ல்தான் இந்த ஜாகிர்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. அதாவது ஜாகிருக்கு வரி கட்டிய கை இன்னும் இங்கே டீ கிளாஸ் பிடித்துக்கொண்டிருக்கிறது. மலையாளிப் பழங்குடியினர் காஞ்சிபுரத்திலிருந்து சாமியைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழிக் கதை. தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட ஏழு தொகுதிகளிலேயே இதைப் பதிந்திருக்கிறார்.

சரித்திர சார் உற்சாகத்தில் திட்டம் போட்டார்: வீடுகளைக் காட்டலாம், சாமை குத்துவதைக் காட்டலாம், பாட்டுப் பாடச் சொல்லலாம். ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"வாங்க சாமி, வர வேணாங்கல. ஆனா எங்க வூட்டை எட்டிப் பார்க்கறதுக்கு நாங்க என்ன பொம்மையா? கீழ என்னமோ கல்லுல எழுத்து இருக்குன்றீங்களே, எங்க புள்ளைங்கள மொதல்ல அங்க கூட்டிப் போங்க. அதுங்க பார்த்துட்டு வந்து சொல்லட்டும். அப்பறம் நீங்க வாங்க, நாங்க எங்க கதையைச் சொல்றோம்."

தமிழய்யாவும் சரித்திர சாரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம். இறங்கும் வழியிலேயே எல்லாம் தலைகீழாக மாறியது. முதல் நடைக்குச் சென்னைக்காரர்களைக் கூப்பிடுவதாக இருந்த பட்டியல் கிழிந்தது. முதல் வரிசை மலைப் பிள்ளைகளுக்கு. காலை ஆறு மணிக்கு எப்படிக் கீழே வருவார்கள்? வரமாட்டார்கள், நேரத்தை எட்டாக மாற்று. எட்டுக்கு வெயில் நேராகிவிடுமே, எழுத்து தெரியாதே? கண்ணாடி இருக்கிறதே, பிள்ளைகளையே பிடிக்க விடு! மலைப்பாதையில் வாந்தி வந்தால்? எலுமிச்சம்பழம். ஜம்பை வரைக்கும் வேன் வாடகை? அக்கா பார்த்துக்கொள்வார். மரவேலை அண்ணன் தன் பழைய உளி ஒன்றையும் ஒரு துண்டுப் பலகையையும் கொண்டுவருவதாகச் சொன்னார். ஆளுக்கு ஓர் எழுத்து வெட்டிப் பார்க்கட்டும், அப்போதுதான் கல்லில் வெட்டியவன் பாடு தெரியும் என்று.

வேன் பேசியாகிவிட்டது. சாவிக்காரருக்குப் போன் போட்டாகிவிட்டது, காபியும் உறுதி. சொம்புதான் பற்றவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் பெயர் வெட்டின பழைய பாத்திரம் ஏதாவது கிடந்தால் துலக்கிக் கொடுத்து அனுப்புங்கள். எழுத்து நசுங்கியிருந்தால் இன்னும் நல்லது என்கிறாள் பாப்பா, படிக்கக் கஷ்டமாக இருக்குமாம்.